ஒன்றாம் நம்பர் பக்கெட்

எங்கள் அபார்ட்மெண்டில் எட்டு வீடுகள். புரட்டாசி பிறந்தால் எட்டு வீட்டு ஆண்களும் நெற்றியில் நாமத்தோடு திரிவோம். சங்கச் செயலாளர் வெங்கடாசலம் ஒருபடி மேலே போய், படியடியில் நோட்டீஸே ஒட்டிவிட்டார்: ‘இம்மாதம் முழுவதும் நமது உரக்குழி சுத்த சைவம்.’ குப்பைக்கும் விரதம் வைத்த மனிதர் ஏற்காட்டிலேயே அவர் ஒருவர்தான்.

எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மழையும் குளிருமான சாயங்காலத்தில் பஜாரிலிருந்து கோழி வறுக்கும் வாசனை வந்தால் நாமமாவது கீமமாவது! வாங்கி வந்து மொட்டை மாடியில் தின்றேன். எலும்புதான் சிக்கல். எங்கள் பக்கெட்டில் போட்டால் மனைவி சரஸ்வதி என்னையே உரமாக்கிவிடுவாள். வெளியே எறிந்தால் குரங்குகள் வாசலில் கடை பரப்பிவிடும். சாப்பாட்டுக் கழிவுக்கான எட்டு பச்சை பக்கெட்டுகளும் படியடியில் நம்பர் போட்டு நிற்கும். ஒன்றாம் நம்பர் செயலாளருடையது. அதை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? வாழைப்பூ மடலுக்கு அடியில் செருகிவிட்டு வந்தேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

மூன்றாவது சனிக்கிழமை காலை, எங்கள் தோட்டத்துப் பட்டர் ஃபுரூட் மரத்தடியை நாய்கள் தோண்டி, ஒரு கூடை எலும்பை வெளியே இழுத்துப் போட்டிருந்தன. வெங்கடாசலம் எல்லோரையும் கூட்டினார். குப்பை பிரித்து உரம் போடுகிற மலரை நடுவில் நிறுத்தினார். அவள் கிளியூரிலிருந்து வருகிறவள்.

"இங்க யாரும் கவிச்சி திங்கறதில்ல. நீதான் எங்கிருந்தோ கொண்டாந்து தின்னுட்டுப் பொதைச்சிருக்கோணும். நாளைக்கிருந்து வராத."

மலருக்கு முகம் சுண்டிப்போனது. "ஏனுங்க சார், இதை நம்பித்தானுங்க எஸ்டேட் வேலைய உட்டுட்டு வந்தேன். திரும்பிப் போனா பேரெழுதற ரைட்டரு சேத்துக்க மாட்டாருங்க."

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பக்கத்தில் சரஸ்வதி நின்றதால் திறக்கவில்லை. என்னை நினைத்தால் எனக்கே கேவலமாக இருந்தது. இரண்டாம் நம்பர் தனபாலும் ஐந்தாம் நம்பர் கீர்த்திகாவும் ஏன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை.

"பொதைச்சது நாந்தானுங்க. தின்னது நானில்லீங்க," என்றாள் மலர். "மூணு வாரமா ஒரே ஊட்டு பக்கெட்டுல எலும்பு வருதுங்க. பெரிய மனுசரு, மானம் போயிருமேன்னு நானே பொறுக்கிப் பொதைச்சேனுங்க."

"எந்த ஊடு? இப்பவே சொல்லு!"

மலர் ஒன்றாம் நம்பர் பக்கெட்டைத் தூக்கிவந்து அவர் காலடியிலேயே கவிழ்த்தாள். வெண்டைக்காய்க் காம்பு, முருங்கைச் சக்கை, வடிகட்டிய காபித்தூள். அவற்றுக்கு நடுவே தொடை எலும்புகள், இறக்கை எலும்புகள், தலையோடு ஒரு மீன் முள். அதில் நேற்று ராத்திரி நான் போட்டது இரண்டு தொடைதான்.

செயலாளரின் மனைவி மாதம்மாள் மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினாள். அவர் நாமம் வியர்வையில் கரைந்து மூக்குக்கு இறங்கியது.

"பெருமாள் மேல சத்தியமா இத்தனையும் நான் தின்னதில்ல மாதம்மா!" என்று அலறினார். "என்னுது அந்த மீன் மட்டுந்தான்!"

மலரை நிறுத்துவதைப் பற்றி அதன்பிறகு ஒருவரும் மூச்சுவிடவில்லை. மறுநாள் அவள் படியடியில் ஒன்பதாவதாக ஒரு பக்கெட் வைத்தாள். அதில் நம்பர் இல்லை. புரட்டாசி முடிய இன்னும் பத்து நாளுக்கு மேல் இருந்தது. சாயங்காலத்துக்குள் அது நிரம்பிவிட்டது.