மூஞ்சியா, முதுகா?

"செத்துப்போச்சா? யாரு சொன்னது? நேத்து சாயங்காலம் என் கண்ணு முன்னாடி நின்னு சேத்தைக் கிளறிட்டு இருந்துச்சே!"

சலூன்காரர் போனில் போட்ட சத்தத்துக்கு அடுப்படியிலிருந்த மருமகள் கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள். ஜன்னலோர நாற்காலியில் மாவுக்கட்டுப் போட்ட வலது காலை ஸ்டூல்மேல் நீட்டி உட்கார்ந்திருந்த அவர் மனைவி, தைத்துக்கொண்டிருந்த காஜாவில் ஊசியை அப்படியே நிறுத்தினாள். சலூனை மூடிப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் தெருவுக்கு அவர் சலூன்காரர், அவள் தையலம்மா. அது மாறவில்லை.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பேசியது பறவை ஆபீஸ் அம்மா.

"ஐயா, கோபப்படாதீங்க. நீங்க எழுதி அனுப்பின மூக்கனுக்கு இடது கால்ல சிவப்பு, மஞ்சள். வலது கால்ல வெள்ளை, நீலம். அந்த மூக்கன் ரெண்டு வருஷம் முன்னாடியே வர்ற வழியில ஒரு உப்பளத்துல செத்துக் கிடந்துச்சு. அங்க வேலை பார்க்கிற ஒருத்தர் நாலு வளையத்தையும் கழட்டி, கவர்ல போட்டு அனுப்பிட்டார். இப்போ என் மேசை டிராயர்லதான் இருக்கு."

"டிராயர்ல இருந்துட்டுப் போகட்டும். நான் பார்த்தது டிராயரை இல்லையே!"

பட்டைவால் மூக்கன் என்பது புத்தகப் பெயர். வீட்டில் வெறும் மூக்கன். உடம்பு புறாவைவிடக் கொஞ்சம் பெரிசு, மூக்கு மட்டும் சாண் நீளம். வடக்கே பனி உருகும் சதுப்புவெளியில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தொட்டதும் கிளம்பி, மலையும் கடலும் தாண்டி, வழியில் ஓரிரு இடத்தில் மட்டும் இறங்கி, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சேற்றுக்கரைக்கு வந்து சேரும். வடக்கே யாரோ அதன் காலுக்கு இரண்டாக நிற வளையம் மாட்டிவிடுகிறார்கள். இங்கே சலூன்காரர் மாதிரி யாராவது தொலைநோக்கியில் அதைப் படித்து ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். எந்தக் காலில் எந்த நிறம், எது மேலே, எது கீழே என்பதுதான் பறவைக்கு முகவரி. அதில் ஒன்று பிசகினாலும் அது வேறொரு பறவை.

"இது ஒண்ணு மட்டும்னா நான் கூப்பிட்டிருக்க மாட்டேன் ஐயா," என்றாள் ஆபீஸ் அம்மா. "இந்தப் பருவத்துல நீங்க அனுப்பினது முப்பத்தொண்ணு. அதுல எட்டு நிற வரிசை எந்தப் பறவைக்குமே மாட்டாதது. பன்னெண்டு வருஷமா உங்ககிட்டேருந்து ஒரு தப்பு வந்தது கிடையாது. இந்த வருஷம் எழுதுறவங்க யாராவது மாறியிருக்காங்களா?"

சலூன்காரர் மருமகளைப் பார்த்தார். "மாறியிருக்கு. என் சம்சாரம் படியில உருண்டு காலை ஒடிச்சுக்கிட்டா. ரெண்டு மாசமா மருமகதான் எழுதுறா."

"அப்போ எழுதும்போது இடம் வலம் மாறியிருக்கும். திங்கக்கிழமை பட்டியலை முடிக்கிறோம். தப்பு தன்னோடதுன்னு அவங்க ரெண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாங்கன்னா இந்தப் பருவத்தை மட்டும் ஒதுக்கிடலாம். இல்லைன்னா உங்க பழைய பதிவு எல்லாத்தையும் சேர்த்து நிறுத்தி வைக்க வேண்டி வரும். எனக்கும் வேற வழி இல்லை ஐயா."

"அனுப்பிடுறோம்," என்று அவர் போனை வைத்தார்.

"என்ன மாமா அனுப்பிடுறோம்?" கரண்டி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. "நான் கோர்ட்டுல சுருக்கெழுத்து எழுதுறவ. ஜட்ஜ் தும்மினாக்கூட எழுதிடுவேன். நீங்க சொன்னதைத்தான் எழுதினேன்."

"கோர்ட்டுல ஜட்ஜ் ஒரே இடத்துல உட்கார்ந்திருப்பாரு. மூக்கன் உட்காருமா? பறக்குது, ஓடுது, நான் வேகமாச் சொல்றேன், நீ மாத்திப் போட்டுட்டே. மனுஷனுக்கு வர்றதுதானே."

"எனக்கு வரலை மாமா."

"அப்போ என் கண்ணு தப்புங்கிறியா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"சொல்லாம சொல்றே!"

அவரே போய்க் காகிதம் எடுத்துவந்தார், பேனா எடுத்துவந்தார், மேசையில் கிடந்த கொத்தமல்லியை ஓரமாகத் தள்ளினார். "எழுதும்மா. 'இடது வலது கவனிக்காமல் எழுதியது என் தவறு.' அவ்வளவுதான். இதுக்கா உன்னைத் தூக்குல போடப்போறாங்க?"

மருமகள் காகிதத்தைப் பார்த்தாள். "நான் தப்பா எழுதுறவன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடணும். எனக்குச் சோறு போடுறதே என் எழுத்துதான் மாமா." பிறகு, புருஷன் கப்பலில் இஞ்சின் ரூமில் கிடக்கும்போது மாமனாரோடு மல்லுக்கு நிற்பானேன் என்று நினைத்தாளோ என்னவோ, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி, தரேன். ஆனா நாளையிலேருந்து கரைக்கு என்னைக் கூப்பிடாதீங்க."

ஆபீஸ் அம்மா 'இடம் வலம்' என்று சொன்ன நொடியே தையலம்மாவுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. பன்னிரண்டு வருஷமாகத் தெரிந்ததுதான்.

அப்போது சலூனில் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்து, வழக்கமாக வருகிற ஒருத்தர் காதில் கத்தி பட்டு, அந்த ஆள் ஒன்றும் சொல்லாமல் அடுத்த மாசம் வேறு சலூனுக்குப் போனார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் போனார்கள். கடையை மூடிவிட்டு வந்தவர் மூன்று மாசம் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். ஊரைவிட்டுப் போன ஒரு வாடிக்கையாளர் தொலைநோக்கியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்காவிட்டால் இன்னும் அப்படியே உட்கார்ந்திருப்பார். கரைக்குப் போன முதல் வாரம், அவர் டீ குடிக்க நகர்ந்தபோது அவள் ஒருதரம் கண்ணை வைத்துப் பார்த்தாள். அவர் சொன்ன நிறமெல்லாம் சரி, கால்தான் மாற்றி. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். டீக்கடையிலிருந்து அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பறந்துவிடப்போகிறதே என்று ஓடிவந்தார். அவர் ஓடி அவள் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் கேட்பாள்: "மூஞ்சியா, முதுகா?" பறவை முதுகைக் காட்டி நின்றால் அவர் சொன்னது சரி. மூஞ்சியைக் காட்டினால் மாற்றி எழுத வேண்டும். பக்கவாட்டில் நின்றால் அது திரும்பட்டும் என்று அவரே காத்திருப்பார். தொணதொணப்பு என்று நினைத்தாரே தவிர, ஏன் கேட்கிறாய் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

பேனா காகிதத்தில் பட்டுவிட்டது.

"பேனாவைக் கீழ வைம்மா," என்றாள் தையலம்மா.

"இவளே, நீ சும்மா இரு. நடுவுல பூராதே."

"என்னங்க, இப்படி எனக்கு நேரா வந்து நில்லுங்க. நின்னுட்டீங்களா? சொல்லுங்க, எனக்கு எந்தக் கால் ஒடிஞ்சிருக்கு?"

"இது என்ன கேள்வி?"

"சொல்லுங்களேன்."

"இடது கால். ரெண்டு மாசமா இதைத் தூக்கி வச்சு இறக்கி வச்சு என் இடுப்பே போச்சு, எனக்குத் தெரியாதா?"

மருமகளுக்கு முதலில் விளங்கவில்லை. மாவுக்கட்டைப் பார்த்தாள், தன் காலைக் குனிந்து பார்த்தாள், மறுபடி மாவுக்கட்டைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

"என்ன சிரிப்பு அங்க?"

"ஆஸ்பத்திரியில சீட்டு எழுதும்போதும் இடதுன்னுதான் சொன்னீங்க," என்றாள் தையலம்மா. "நான்தான் பின்னாலேயே 'வலது, வலது'ன்னு கத்தினேன். இது என் வலது கால்ங்க."

அவர் காலைப் பார்த்தார். தன் இடது கையை நீட்டிப் பார்த்தார். மெல்லத் திரும்பி அவளுக்கு முதுகு காட்டி நின்று, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். திரும்பியபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"உங்க மேல தப்பு இல்ல. நாப்பது வருஷம் அடுத்தவங்க முதுகுக்குப் பின்னாடி நின்னே வேலை பார்த்தீங்க. அவங்க இடது எதுவோ அதுதான் உங்க இடது. கண்ணாடியில பார்த்தாலும் அதே பக்கம்தான். நான் எதிர்ல நிறுத்தி அளவெடுத்தவ. போட்டுக்கிறவங்க இடதுதான் எனக்கு இடது."

"அப்போ இந்தப் பன்னெண்டு வருஷமும்..."

"நான் கேட்டுக் கேட்டு மாத்தி எழுதினேன்."

"'மூஞ்சியா முதுகா'ன்னு கேட்டது..."

"அதுக்குத்தான்."

அடுப்படியிலிருந்து மருமகள் குரல் வந்தது. சிரிப்பு அடங்கியிருந்தது. "அத்தை, என்னையும் அப்படிக் கேட்கச் சொன்னீங்களே! முதல் நாள் கேட்டேன். 'உங்க அத்தை பாட்டு உனக்கும் தொத்திக்கிச்சா'ன்னு மாமா எரிஞ்சு விழுந்தார். அதோட விட்டுட்டேன்."

"காரணத்தைச் சொல்லியிருக்கணும். அது என் தப்பு," என்றாள் தையலம்மா.

அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அந்தக் கோடிச் சுவரோரம் உட்கார்ந்தார். அவளுக்குப் பழைய மூன்று மாசமும் கண்முன் வந்து நின்றது.

"ஒரு வார்த்தை," என்றார் சுவரைப் பார்த்தபடி. "பன்னெண்டு வருஷத்துல ஒரே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா நீங்க மறுநாளே தொலைநோக்கியைப் பரண்ல போட்டிருப்பீங்க."

மருமகள் கை துடைத்துக்கொண்டு வந்தாள். காகிதத்தைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, தன் பையிலிருந்து கரை நோட்டை எடுத்தாள்.

"அத்தை, ஆபீசுக்கு அனுப்பினது சுருக்கம். இதுல முழுசும் இருக்கு. மாமா வாய் திறந்தா நான் எழுதிடுவேன், அது என் கை வழக்கம். நேத்து எழுதினதுலேருந்து படிக்கவா?"

"படி, படி!"

"'வாடா துரை, வா. இந்தப் பக்கம் மூஞ்சியைக் காட்டு. ஆங், அப்படி. இடது மேல சிவப்பு, கீழ மஞ்சள். வலது மேல வெள்ளை, கீழ நீலம். எழுதிட்டியாம்மா? அந்த நாய்க்காரன் இங்க ஏன் வர்றான், அவனுக்கு வேற இடமே இல்லையா?'"

"மூஞ்சி!" என்றாள் தையலம்மா. "மாத்து. அடுத்தது?"

"'பிருஷ்டத்தைக் காட்டிட்டு நிக்குது மரியாதை கெட்டது. இடது ரெண்டும் பச்சை...'"

"முதுகு. அப்படியே விடு."

ஒவ்வொன்றாகப் போயிற்று. பசித்தது, யாரும் சோற்றைப் பற்றிப் பேசவில்லை. மூக்கனைத் திட்டியது, கொஞ்சியது, 'என் தம்பி பையன் மாதிரி முழிக்குது பாரு' என்றது எல்லாம் மருமகள் வாயில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லாமல், கோர்ட்டில் சாட்சியம் படிப்பதுபோல் வந்தது. பத்தாவதில் சுவரோரத்திலிருந்து ஒரு கனைப்பு கேட்டது. பதினைந்தாவதில் நாற்காலி திரும்பியது.

பத்தொன்பதாவதில் ஒரு குறிப்பும் இல்லை. நிறம் மட்டும் இருந்தது.

"அது முதுகு," என்றார் அவர். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"ஞாபகத்துலேருந்து எழுதக்கூடாது, பார்த்தப்போ எழுதினதுதான் செல்லும்னு யாரு சொன்னது?" என்றாள் தையலம்மா.

"நான்தான் சொன்னேன்."

"அப்புறம்?"

"அடிச்சுடு," என்றார்.

முப்பத்தொன்றில் நான்கை அடித்தார்கள். இருபத்தேழு தேறியது.

அவர் எழுந்து வந்து, சுருட்டி வைத்திருந்த காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். மருமகளிடம் ஏதாவது சொல்வார் என்று தையலம்மா எதிர்பார்த்தாள். அவர் நேராகப் போனை எடுத்தார்.

"அம்மா, சலூன்காரன் பேசுறேன். எழுதினவ எழுத்துல ஒரு புள்ளி தப்பில்ல. பார்த்தவன் பண்ணின தப்பு. பறவை எனக்கு மூஞ்சியைக் காட்டி நின்னா நான் காலை மாத்திச் சொல்லியிருக்கேன். எழுதிக் கையெழுத்துப் போட்டு நானே அனுப்புறேன். மருமகளை நான் சந்தேகப்பட்டது அவளுக்கு மட்டும் இல்ல, உங்களுக்கும் தெரியட்டும்."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். ஸ்பீக்கரில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"சரி ஐயா, அந்தச் செத்த மூக்கனையே எடுத்துக்குவோம். மாத்திப் போட்டா இடது வெள்ளை நீலம், வலது சிவப்பு மஞ்சள். இருங்க, பார்க்கிறேன்." தட்டச்சு ஓசை கேட்டது. "ஐயா! இது ஒரு பெட்டை. மூணு வருஷமா எந்தக் கரையிலயும் யார் கண்ணுலயும் படலை. வளையம் மாட்டினவங்க போன வருஷம்தான் பட்டியல்லேருந்து எடுக்கச் சொல்லி எழுதினாங்க. நேத்து நல்லா இருந்துச்சா?"

"நல்லாவா? பக்கத்துல இருந்த ரெண்டைக் கொத்தி விரட்டிட்டு ஒத்தையாத் தின்னுது!"

"இன்னைக்கே அவங்களுக்கு எழுதிடுறேன்." சிரித்தவள், குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, ஒண்ணு கேட்டாகணும். அந்தப் பழைய பன்னெண்டு வருஷம்? அதுலயும் இப்படி மாறியிருக்குமா?"

சலூன்காரர் வாயைத் திறந்தார். மனைவியைப் பார்த்தார். "அது எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சவ இங்க உட்கார்ந்திருக்கா. அவகிட்டயே கேளுங்க." போனைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்.

ஆபீசோடு அவள் இதுவரை பேசியதே இல்லை. ஊசியைத் துணியில் குத்திவிட்டு, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அதெல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. ஒவ்வொண்ணும் கேட்டு, திருத்தித்தான் எழுதினேன். ரெண்டே ரெண்டு தடவை கேட்க மறந்துட்டேன். அந்த ரெண்டையும் உங்களுக்கு அனுப்பவே இல்ல."

"அனுப்பலையா?" சலூன்காரர் துள்ளினார். "எந்த ரெண்டு? எந்த வருஷம்? ஏ, எந்த ரெண்டு?"

"கொஞ்சம் இருங்க," என்றாள் தையலம்மா. "பேசிட்டிருக்கேன்ல."