ஒரே எலும்பில் இரண்டு பேர்

அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிட மூத்தவரான இயக்குநர்கூட "அக்கா வந்தாச்சா?" என்றுதான் கேட்பார். பதினாறு வருட உழைப்பில் தனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அதுதான் என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும்.

பல ஆயிரம் வருடங்களுக்கு முன் செத்துப்போனவர்களின் எலும்பைத் துளைத்து, அந்தப் பொடியிலிருந்து மரபணுவைப் பிரித்து, யார் யாருக்குச் சொந்தம், எங்கிருந்து வந்தவர்கள் என்று கண்டுபிடிப்பது வேலை. மாமியாருக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. மருமகள் எலும்பு டாக்டர் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். முட்டி வலியென்று வந்து நிற்பவர்களைச் சமாளித்து அனுப்புவது அக்காவின் ஞாயிற்றுக்கிழமை வேலை.

அக்கா சேர்ந்த அதே வாரத்தில் சேர்ந்தவள் வாண்டு. குள்ளமாக, துறுதுறுவென்று இருந்தவளுக்கு அக்காதான் அந்தப் பெயரை வைத்தாள். நான்காவது வருடம் ஒரு பெரிய ஆய்வு உதவித்தொகைக்கு இருவரும் விண்ணப்பித்தார்கள். வாண்டுக்குக் கிடைத்தது. அதன்பின் அவளுக்குச் சொந்த ஆய்வகம், பேராசிரியர் பதவி என்று வரிசையாக வந்தன. போன மாதம் ஏதோ அறிவியல் விழா விளம்பரத்தில், பஸ் நிறுத்தத்திலேயே அவள் முகம். விளம்பரத்தைக் கழற்றும்வரை அக்கா அடுத்த நிறுத்தத்துக்கு நடந்துபோய்தான் பஸ் ஏறினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெரிய ஆய்விதழ் ஒன்றிலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, வெளியிடலாமா என்று கருத்துச் சொல்ல வேண்டும். சொல்வது யார் என்று எழுதியவருக்குத் தெரியாது. எழுதியவள் வாண்டு. "கட்டுரையாளருடன் சேர்ந்து பணியாற்றியதுண்டா?" என்று ஒரு கேள்வி இருந்தது. அக்கா 'இல்லை' என்பதை அழுத்தினாள்.

ஏழாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு பெண்ணின் மண்டையோடு பற்றிய கட்டுரை அது. அந்தப் பெண்ணின் தாய்வழி, அந்தக் காலத்தில் அந்தப் பக்கமே வந்திருக்க முடியாத ஒரு வம்சம் என்று வாண்டு எழுதியிருந்தாள். உண்மையென்றால் பாடப்புத்தகத்தையே மாற்ற வேண்டும். அக்காவின் ஆய்வக உறைபெட்டியில் பன்னிரண்டு வருடமாகக் கிடந்த, அந்த மண்டையோட்டின் காதெலும்புப் பொடியைக் கேட்டு வாங்கித்தான் அவள் இதைச் செய்திருந்தாள்.

அக்கா மூலத் தரவு முழுவதையும் இறக்கி, நாலு நாள் வேறு வேலை பார்க்காமல் உட்கார்ந்தாள். பழைய மரபணு நைந்துபோன துணி மாதிரி, ஓரமெல்லாம் பிரிந்திருக்கும். புதியது மடிப்புக் கலையாமல் இருக்கும். நைந்ததையும் நையாததையும் தனித்தனியாகப் பிரித்தபோது தெரிந்துவிட்டது: எலும்பில் இரண்டு பேர் இருந்தார்கள். அந்த அதிசய வம்சம் ஏழாயிரம் வருடத்துக்காரியுடையது அல்ல. எலும்பைத் தொட்ட யாரோ ஒருவருடையது.

அன்று மாலை அக்கா ஐஸ்கிரீமோடு வீட்டுக்குப் போனாள்.

"என்ன விசேஷம்?" என்றார் கணவர். பள்ளியில் கணக்கு வாத்தியார்.

"வாண்டு தப்புப் பண்ணியிருக்கா. சாதாரணத் தப்பு இல்ல."

"அதுக்கா ஐஸ்கிரீம்?"

அவள் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்.

மறுநாள் நாலு பக்க அறிக்கை தயார். அந்த 'யாரோ' யார் என்பதையும் எழுதிவிட்டால் வாண்டு தலைதூக்கவே முடியாது. ஆய்வகத்தில் சேரும் ஒவ்வொருவரும் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவிக் கொடுத்திருப்பார்கள், இப்படி எதுவும் கலந்தால் கண்டுபிடிக்க. அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டாள். பதினோராம் எண் என்றது கணினி. பதினொன்று அவள்தான்.

நம்பாமல் மூன்று முறை பார்த்தாள். பிறகு அந்த நாள் நினைவுக்கு வந்தது. வாண்டுக்கு உதவித்தொகை கிடைத்த செய்தி வந்த நாள். வெளியே எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அக்காவும் தட்டிவிட்டு, துளைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, முகமூடியை இறக்கிவிட்டு அழுதாள். கண்ணையும் மூக்கையும் துடைத்த கையுறையை மாற்றாமலே அந்தக் காதெலும்பை எடுத்துத் துளைத்தாள்.

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"உன் பேரைச் சொல்லாம, யாரோடதோ கலந்திருக்குன்னு மட்டும் எழுதிட்டா?" என்றார் அவர்.

"எழுதலாம். அவ பேர் மட்டும் கெடும்."

"அதானே வேணும்னு இருந்த?"

அவளுக்குச் சுருக்கென்றது. மறுநாள் ஆய்விதழ் ஆசிரியருக்குத் தன் பொய்யையும், எலும்பில் கலந்தது தன் மரபணுதான் என்பதையும் ஒப்புக்கொண்டு எழுதினாள். பிறகு வாண்டுக்குப் போன் செய்தாள்.

"அக்கா! எத்தன வருஷமாச்சு!" அந்தக் குரலில் இருந்த சந்தோஷம்தான் தாங்க முடியாததாக இருந்தது.

அக்கா மென்று விழுங்காமல் சொன்னாள்.

"நீங்க அழுதது எனக்குத் தெரியும்" என்றாள் வாண்டு. "கண்ணு செவந்து வந்தீங்க. கேக்கணும்னு நெனச்சேன். கேட்டா என் சந்தோஷம் போயிடும்னு கேக்கல."

"என்ன மன்னிச்சிடு."

"இப்ப முடியாதுக்கா. ரெண்டு வருஷ வேல. என்கிட்ட ஆராய்ச்சி பண்ற பசங்க மூணு பேரோட பட்டம் அதுல இருக்கு." வைத்துவிட்டாள்.

ஆய்விதழ், கருத்துச் சொல்பவர்கள் பட்டியலிலிருந்து அக்காவை நீக்கியது. இயக்குநர் விளக்கம் கேட்டார், எழுதிக் கொடுத்தாள். துளைக்கும் அறைக்குள் போக ஆறு மாதத் தடை. அதுவரை தான் துளைத்தெடுத்த நூற்றுப் பதினெட்டுப் பொடிகளையும் அந்த ஆறு மாதத்தில் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தாள். வேறு எதிலும் அவள் இல்லை.

வாண்டு அதே மண்டையோட்டின் கடைவாய்ப் பல்லிலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். அதிசய வம்சம் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணும், பக்கத்துக் குழியில் கிடந்த ஆணும் உடன்பிறந்தவர்கள் என்று தெரிந்தது. பாடப்புத்தகம் மாறாது. ஆனாலும் நல்ல கட்டுரை. ஒன்றரை வருடம் கழித்து, சற்றுச் சிறிய இதழில் வந்தது. நன்றிப் பட்டியலில் அக்கா பெயர் கடைசியில் இருந்தது. பிழை ஏதும் கிடைக்குமா என்று அக்கா இரண்டு முறை தேடிப் படித்தாள். கிடைக்கவில்லை.

"இன்னும் வயிறு எரியுதா?" என்றார் கணவர்.

"எரியுது" என்றாள் அக்கா. வாண்டுக்கு "நல்லா வந்திருக்கு" என்று ஒரு வரி அனுப்பினாள்.

சாயங்காலம் பதில் வந்தது: "ரெண்டாவது படத்துல அளவுகோல் சரியா இருக்காக்கா? உங்களவிட யாரும் கவனமா படிச்சிருக்க மாட்டாங்க."

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டாவது படத்தைத் திறந்தாள்.