இரண்டாவது கோட்டிங்

நவம்பர் ஒன்பதாம் தேதி, தேனிலவுக்குப் பேர்போன அந்த நகரத்தின் ஏரியில் தூர்வாருவதற்காகத் தண்ணீரை வடித்திருந்தார்கள். சீசன் முடிந்துவிட்டதால், வந்திருந்த ஒரே ஜோடி பெயிண்ட் கடைக்காரரும் அவர் மனைவியும்தான். "அங்க வந்தாவது வாயத் திறந்து பேசலைன்னா நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்று எச்சரித்துத்தான் அவள் அவரை அழைத்து வந்திருந்தாள்.

கரையேற்றி வைத்திருந்த அன்னப் படகு ஒன்றில் இருவரும் மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து அன்னத்துக்குப் படகுக்காரர் வெள்ளை பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"பிரைமர் அடிச்சீங்களாண்ணே?" என்று திடீரெனக் கேட்டார் கடைக்காரர்.

"இல்லையே சார்."

"அட, ஒரு மழைக்கே உரிஞ்சிடுமே!"

இறங்கிப் போனவர் அந்த அன்னத்தையே பார்த்தபடி பெயிண்டைப் பற்றி ஒரு மணி நேரம் ஓயாமல் பேசினார். திரும்பி வந்து, "பாத்தியா, பேசிட்டேன்ல?" என்றார்.

"பேசினீங்க. அன்னத்துகிட்ட."

சாயங்கால பஸ்ஸில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் மறுநாளும் தங்கி, இரண்டாவது கோட்டிங்கையும் அடித்து முடித்தார்.