கோளாறு மெஷினில்தான்

ஆய்வகக்காரரின் தொப்பையைப் பற்றி யாராவது வாய் திறந்தால் போதும், அவருக்கு மூக்கின்மேல் கோபம் வந்துவிடும். "உடம்புதான் பெருசு. இதயம் சும்மா கிண்ணுனு இருக்கு" என்பார்.

அந்த வாரம் ஆய்வகத்துக்குப் புது மெஷின் ஒன்று வந்தது. உடல் பருத்தவர்களின் ரத்தத்தில் சில புரதங்களை அளந்து, இதயத்துக்கு ஆபத்து வருமா என்று அது முன்கூட்டியே சொல்லிவிடும். எந்த மெஷின் வந்தாலும் முதலில் தன் ரத்தத்தை வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். வைத்தார். மெஷினுக்கு ஏது முகதாட்சண்யம்? ஆபத்து அதிகம் என்று அடித்துச் சொன்னது. மறுபடி வைத்தார். அசைந்து கொடுக்கவில்லை.

"மெஷின் கோளாறு" என்று மெக்கானிக்கை வரவழைத்தார். பருமனில் அவனும் இவருக்கு இளைத்தவனில்லை. வயிறு முன்னே வர, அவன் பின்னே வந்தான். சோதிப்பதற்கென்றே கம்பெனி அளவு குறித்துக் கொடுத்திருந்த ரத்தத்தை வைத்தான். அளவு இம்மி பிசகாமல் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று தன் ரத்தத்தையும் எடுக்கச் சொன்னான். அதற்கும் ஆபத்து அதிகம் என்றது மெஷின்.

மெக்கானிக்கின் முகம் சுண்டிப்போனது. "நீங்க சொன்னது சரிதாண்ணே. கோளாறு மெஷின்லதான்."

மாடியில் இதய டாக்டராக இருக்கும் ஆய்வகக்காரரின் தங்கை, மெஷினைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்து இறங்கி வந்தாள்.

"தாராளமா திருப்பி அனுப்பிடலாம்ணா. ரெண்டு பேரும் படியேறி என் ரூமுக்கு வாங்க. மூச்சு வாங்காம வந்துட்டா நானே கையெழுத்துப் போடறேன்."

இருவரும் படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார்கள்.

"அண்ணே," என்றான் மெக்கானிக் மெதுவாக, "இது நல்ல மெஷின்ணே."