தெரிந்த குரல்

வரிசையில் வந்தவர்கள் ஒவ்வொருவராக ப்ரிட்டாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு நகர்ந்தார்கள். தேவாலயத்தின் முன்பக்கத்தில், திறந்த பெட்டிக்குள் தம்பி கெல்லன் படுத்திருந்தான். பெட்டியை ஒட்டி அம்மா, அம்மாவை ஒட்டி அவள். முகம் பார்க்க வருகிறவர்கள் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கீழ்த்தளத்துக்குப் போய்ச் சாப்பிட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். அம்மாவிடம் வருத்தம் சொன்னார்கள். ப்ரிட்டாவிடம் வருத்தத்தோடு இன்னொன்றும் சேர்த்துச் சொன்னார்கள், நீ சரியாகத்தான் நடந்துகொண்டாய் என்று. அதைக் கேட்கும்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது அவளுக்கு.

பல்கலைக்கழகம் தன் பங்குக்கு எல்லாம் செய்திருந்தது, குறை சொல்ல முடியாது. துக்கத்தின் அடையாளமாகச் சட்டையில் குத்திக்கொள்ளப் பச்சை நாடா கொடுத்திருந்தார்கள். துக்கப்பட்டவர்களுக்கு ஆறுதலாக இருக்கப் பழக்கிய நாய் ஒன்று, முதுகில் கல்லூரிச் சின்னம் போட்ட துணியோடு வாசலில் படுத்திருந்தது. அழுவதற்கு வெட்கப்பட்ட ஆண்பிள்ளைகள் அதைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் குடும்பத்தைக் கவனித்துக்கொள்ளவென்றே ஹோல்ம் என்கிற மனிதரையும் அனுப்பியிருந்தார்கள். நல்ல மனிதர்தான். வீட்டு வாசலில் குவிந்த பனியை அள்ளி அப்புறப்படுத்தினார், பூக்காரரோடு பேசினார், யாரும் கேட்காமலே காபி போட்டார்.

அவர்தான் காலையில் வந்து, கெல்லன் சுடப்பட்ட வேதியியல் கட்டடத்தைத் திங்கட்கிழமை திரும்பத் திறக்கப் போகிறார்கள் என்று சொன்னார். தாழ்வாரத்துக்குப் புது வண்ணம் அடித்தாகிவிட்டது, கதவுகளுக்கெல்லாம் புதுப் பூட்டு. துணைவேந்தர் பேசும்போது, சொல்லிக்கொடுத்தபடி விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, மூச்சு விடாமல் இருந்து பிழைத்த ப்ரிட்டாவின் வகுப்பறைக்காரர்களைப் பாராட்டப் போகிறார். ப்ரிட்டா மேடையில் நின்று இரண்டு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும். அவளைப் போன்றவர்களைப் பார்த்தால்தான் மற்ற மாணவர்களுக்குத் திரும்ப வகுப்புக்கு வரத் தைரியம் வரும் என்றார்.

ப்ரிட்டா வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"வருவா. சின்னதிலேர்ந்து நான் பழக்கினது அது."

அம்மா கார்லா ஸ்டெங்கல் ஊர் ஆரம்பப் பள்ளியின் தலைமையாசிரியை. பள்ளிக்குள் துப்பாக்கிக்காரன் வந்தால் என்ன செய்வது என்று அந்த நாட்டுக் குழந்தைகளுக்கு அரிச்சுவடியோடு சேர்த்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். மணி அடித்ததும் பிள்ளைகள் இருட்டில் மூலையில் போய்ச் சுருண்டுகொள்ள வேண்டும். அம்மா தாழ்வாரத்தில் நடந்துவந்து ஒவ்வொரு கதவின் கைப்பிடியையும் ஆட்டுவாள். தேன் ஒழுகுகிற குரலில், "நான்தான் செல்லங்களா, எல்லாம் முடிஞ்சிருச்சு, திறங்க," என்பாள். திறக்காத வகுப்புக்குக் குச்சி ஐஸ் உண்டு.

கெல்லன் ஒன்றாம் வகுப்பில் எழுந்து போய்த் திறந்துவிட்டான். வகுப்பே ஐஸ் இல்லாமல் அவனை முறைத்தது. வீட்டுக்கு வந்து, அம்மா குரல் எனக்குத் தெரியாதா என்று ஏங்கி ஏங்கி அழுதான். குரல் தெரிந்தாலும் திறக்கக் கூடாது, கூப்பிடுகிறவன் தலையில் யாராவது துப்பாக்கியை வைத்துக்கொண்டு கூப்பிடச் சொல்லியிருக்கலாம் என்று அம்மா விளக்கினாள். அன்றிலிருந்து ப்ரிட்டாவுக்கு அவன் "கதவுதிறப்பான்." மீசை முளைத்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. அவனும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான், அவன் சுபாவம் அப்படி.

வரிசை நகர்ந்தது. தடித்த கம்பளிக் கோட்டுப் போட்ட ஓர் அம்மாள் ப்ரிட்டாவின் முன்னால் வந்து நின்று, கையைக் குலுக்காமல் அவளை அப்படியே கட்டிக்கொண்டாள். ப்ரிட்டாவோடு அன்று அந்த அறையில் இருந்த வெஸ்லியின் அம்மா. வெஸ்லி பின்னால் தன் பூட்ஸைப் பார்த்தபடி நின்றான்.

"எம் புள்ள கதவைத் திறக்க எந்திரிச்சானாமே. நீதான் சட்டையைப் புடிச்சு இழுத்து உக்கார வெச்சியாம். உன்னால எனக்குப் புள்ள இருக்கான்மா."

"அம்மா, வா போலாம்," என்றான் வெஸ்லி. பூட்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அந்த அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள். அடுத்து வந்தவரின் கையைப் பிடித்த அம்மா, பிடித்தபடியே திரும்பி மகளைப் பார்த்தாள். பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ப்ரிட்டாவின் முழங்கையைப் பற்றி, பக்கத்தில் கோட்டு மாட்டும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"யாரு தட்டினது?"

ப்ரிட்டா கோட்டுகளின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேசினால் இவ்வளவு நாள் விழுங்கியதெல்லாம் வெளியே வந்துவிடும்.

"அந்தப் பையன் யாருக்குத் திறக்கப் போனான், ப்ரிட்டா?"

"கெல்லனுக்கு."

தொங்கிய கோட்டுகளில் ஒன்றின் கையை அம்மா எட்டிப் பிடித்துக்கொண்டாள். அவன் கீழ்த் தாழ்வாரத்தில் வந்து விழுந்து கிடந்தது எப்படி என்று போலீஸ்காரர்களுக்கே புரியவில்லை. அவன் வகுப்பு மாடியில், பக்கத்திலேயே வெளியேறும் வழி இருந்தது. எல்லோரும் அதில் ஓடினார்கள், இவன் மட்டும் கீழே வந்தான். அக்கா எந்த அறையில் இருப்பாள் என்று அவனுக்குத் தெரியும்.

"என்ன சொன்னான்?"

"'ப்ரிட், நான்தான், திற'ன்னான். கைப்பிடியை ஆட்டினான். மறுபடியும் கூப்பிட்டான். அப்புறம்..."

அப்புறம் உள்ளதை அம்மாவும் அறிவாள். கதவைத் திறந்திருந்தால் அவன் உள்ளே வந்திருப்பானா, அவனுக்குப் பின்னாலேயே அந்தத் துப்பாக்கியும் வந்திருக்குமா, இதை இனி யாராலும் சொல்ல முடியாது. ப்ரிட்டாவைத் தின்றது அது இல்லை. விதி, பயிற்சி என்றெல்லாம் ஊர் சொல்கிறதே, அந்த நிமிஷத்தில் அப்படி ஒன்றும் அவள் நினைவில் வரவில்லை. பயந்தாள். உயிருக்குப் பயந்து வெஸ்லியின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். அந்தக் கையைத்தான் இன்று ஊரே வந்து குலுக்குகிறது.

"உனக்கு அவன் குரல் தெரியல. அப்படித்தானே?" அம்மா கெஞ்சுகிற மாதிரி கேட்டாள். "அந்தச் சத்தத்துல எப்படித் தெரியும்? யாருக்கும் தெரியாது."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா அதைப் பிடித்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடுவாள்.

"தெரிஞ்சுதும்மா."

அடித்திருந்தால் தேவலை. அம்மா அடிக்கவில்லை, ஒரு சொல் திட்டவில்லை. கோட்டின் கையை விட்டுவிட்டு, தன் கைக்குட்டையை மகளிடம் நீட்டினாள்.

"மூஞ்சியைத் துடை. ஜனங்க நிக்கிறாங்க."

வெளியே ஹோல்ம் கவலையோடு காத்திருந்தார். தண்ணீர் வேண்டுமா, கொஞ்சம் உட்காருகிறீர்களா என்று கேட்டார்.

"திங்கக்கிழமை இவ வரமாட்டா," என்றாள் அம்மா.

"பரவாயில்லைங்க மேடம், இப்பவே முடிவு பண்ணணும்னு இல்ல. மெதுவா யோசிச்சு..."

"அந்த அறையைப் பத்தி யாரும் அங்க பேசவும் வேண்டாம்."

ஹோல்ம் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார். அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் பழையபடி போய் நின்றாள். இந்த முறை ப்ரிட்டாவுக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் விட்டிருந்தது. வேண்டுமென்று விட்டதா, தானாக விழுந்ததா என்று ப்ரிட்டாவுக்குத் தெரியவில்லை. நெருங்கிப்போக அவளுக்குக் கூச்சமாக இருந்தது, அப்படியே நின்றுகொண்டாள்.

வரிசையில் அம்மாவின் பள்ளிக் குழந்தை ஒன்று தகப்பனோடு வந்தது. ஒன்றாம் வகுப்பு. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. இங்கே வரும் வழியெல்லாம் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டே வந்தாள் என்று தகப்பன் சங்கடத்தோடு சொன்னார்.

"டீச்சர், போன தடவை நீங்க கதவைத் தட்டிக் கூப்பிட்டீங்கல்ல, நாங்க திறக்கவே இல்ல. உங்க குரல்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா திறக்கல."

சொல்லிவிட்டு, எப்போதும் கிடைக்கிற பாராட்டுக்காக முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

அம்மா முழங்காலை மடித்துக் குழந்தையின் உயரத்துக்கு இறங்கினாள். குழந்தையின் கோட்டு திறந்து கிடந்தது. அம்மா அடியிலிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டு வந்தாள். கழுத்துப் பொத்தானையும் போட்டு முடித்த பிறகு, அதைக் கழற்றித் திரும்பவும் போட்டாள்.