ஆள் இல்லாத கம்ப்யூட்டர்கள்

அன்று காலை படுக்கையறைக் கதவைச் சாத்துவதற்கு முன் என் மனைவி சொன்னாள்: “பத்தரைக்கு மீட்டிங். முதலாளியம்மாவே வராங்க. கொள்முதல் லிஸ்டை ஒழுங்கா காட்டினா வேலை நிரந்தரம். சொதப்பினா இந்த மாசத்தோட வீடுதான்.”

“இப்பவும் வீட்லதானே இருக்கே,” என்றேன். கதவு கொஞ்சம் பலமாகவே சாத்திக்கொண்டது.

இருவருக்கும் ஒரே கம்பெனி. நோய் பரவியதும் எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். ஸ்டோர் கீப்பரான நான் மட்டும் தினமும் ஆபீஸ் போகிறேன். கொள்முதல் பிரிவிலிருக்கும் இவளோ ஆறு மாதமாக ஒரு ஓட்டை லேப்டாப்போடு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். உட்கார்ந்த இடத்தில் அப்படி என்ன கிழிக்கிறாள் என்று எனக்கு இளக்காரம். அதை நான் மறைத்ததும் இல்லை.

எனக்கு மேனேஜர் இட்ட வேலை வேறு. “மூணாவது மாடியில இருபது கம்ப்யூட்டர் ஆள் இல்லாம கிடக்கு. இன்னிக்கே வித்துத் தள்ளுங்க.” சிரித்தே பார்த்திராத அந்த மனிதருக்கு உம்மணாமூஞ்சி என்று பட்டம் சூட்டியவன் நான்தான்.

பழைய கம்ப்யூட்டர் வாங்கும் வியாபாரி இரண்டு மாஸ்க், கையில் ஸ்ப்ரே பாட்டில் சகிதம் வந்தார். கதவுப்பிடிக்கு ஒரு அடி, நாற்காலிக்கு ஒரு அடி, கும்பிட்ட என் கைக்கும் ஒரு அடி. அதன் பிறகுதான் உள்ளே காலை வைத்தார்.

மெஷின்களில் பாதி ஓடிக்கொண்டிருந்தது. ‘ஆறு மாசமா அணைக்காம போயிருக்கானுங்க, பொறுப்பத்தவனுங்க’ என்று திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக வயரைப் பிடுங்கினேன். பிடுங்கப் பிடுங்க, பையிலிருந்த என் ஃபோன் அலறியது. இரண்டு கையிலும் கையுறை. அலறட்டும் என்று விட்டுவிட்டேன். பதினொரு மெஷின் கீழே வண்டிக்குப் போனது.

பன்னிரண்டாவதுக்கு வந்தபோது வியாபாரி, “ஸ்க்ரீன் நல்லா இருக்கான்னு ஒண்ணு போட்டுக் காட்டுங்க,” என்றார். ஓடிக்கொண்டிருந்த அந்த மெஷினின் ஸ்க்ரீனை மட்டும் போட்டேன்.

திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. கட்டம் கட்டமான ஒரு பட்டியல் தானாக மேலே போனது. கீபோர்டை யாரும் தொடவில்லை. வியாபாரி ஸ்ப்ரே பாட்டிலைத் திரைக்கு நேராக நீட்டினார். வயரைப் பிடுங்க நான் குனிந்தேன். அதற்குள் திரையில் ஒரு வெள்ளைப் பக்கம் திறந்து, எழுத்து எழுத்தாக வந்தது:

“மீட்டிங்ல ஒவ்வொருத்தரா காணாம போறாங்க. ஏங்க, நீங்கதானே? கையை எடுங்க.”

“பேய் புகுந்த மெஷின் நமக்கு வேணாம் சார்,” என்று வியாபாரி படியிறங்கி ஓடிவிட்டார். வண்டியும் பதினொரு மெஷினோடு போய்விட்டது.

வீட்டிலிருந்தபடி எல்லோரும் இன்டர்நெட் வழியாக இந்த மெஷின்களைத்தான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இந்த ஆறு மாதத்தில் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினேன்:

“நான்தான். தெரியாம செஞ்சுட்டேன். ஆள் இல்லாத மெஷினை எல்லாம் வித்துத் தள்ளுன்னு அந்த உம்மணாமூஞ்சிதான் சொன்னான்.”

பதில் வந்தது:

“இந்த ஸ்க்ரீனைத்தான் மீட்டிங்ல எல்லாரும் பாக்கறாங்க. முதலாளியம்மா இருக்காங்க. நீங்க சொன்னவரும் இருக்கார்.”

வெள்ளைப் பக்கம் மூடியது. பட்டியல் திரும்ப வந்தது. அவள் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். அம்புக்குறி ஒரு கட்டத்தில் நின்றது, விளக்கியது, யாரோ ஏதோ கேட்டிருக்க வேண்டும், நொடியில் வேறு பக்கம் தாவி அதையும் காட்டியது. பதினெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் வேலை செய்வதை அன்றுதான் பார்த்தேன். பெருமையாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது. மீட்டிங் முடியும்வரை அந்த வயர் பக்கத்தில் யாரும் வராமல் காவல் நின்றேன், ஆளே இல்லாத அந்த மாடியில்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “என்ன ஆச்சு?”

“நிரந்தரம் ஆயிடுச்சு.”

“மேனேஜர்?”

“யாரைக் கேட்டு விக்கச் சொன்னீங்கன்னு முதலாளியம்மா கேட்டாங்க. இன்னும் யோசிச்சிட்டு இருக்கார்.”

“என் வேலை?”

“அதை என் பொறுப்புல விட்டுட்டாங்க. இனிமே ஸ்டோரும் எனக்குக் கீழதான். போன பதினொரு மெஷினும் நாளைக்குப் பத்து மணிக்குள்ள திரும்ப வந்தாகணும்.”

“சரிங்க மேடம்,” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று பார்த்தேன்.