கோட்டு இறால் ஜோடி

கடல்மீன் வரவழைத்துக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு விற்பது அப்பாவின் தொழில். புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு வந்துவிட்ட மகள், கடையின் பின்னறையில் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கையில் கன்றிப்போன இடம் இன்னும் மஞ்சளாகவே இருந்தது. "இங்கேயே இருந்துடறேம்பா" என்றதற்கு அவர் பிடி கொடுக்கவே இல்லை. மாப்பிள்ளை இன்று அழைத்துப்போக வருகிறான்.

அதற்கு முன் ஒரு டாக்டர் வந்தார், கோட்டு இறால் ஜோடி கேட்டு. கும்பிடுபூச்சி மாதிரி முன்கையை மடித்து வைத்திருக்கும் சாதி அது. உடம்பெல்லாம் வரிக்குதிரைக் கோடு. வெதுவெதுப்பான கடல்மணலில் ஆணும் பெண்ணும் ஒரே வளையில் வருஷக்கணக்காகக் குடித்தனம் நடத்தும். ஆண் வேட்டையாடிக் கொண்டுவரும், பெண் உள்ளேயே இருந்து தின்னும். இந்தக் கதையைச் சொல்லித்தான் அப்பா விலையை ஏற்றுவார்.

கையில் இருந்ததோ வெவ்வேறு வளையில் பிடித்த இரண்டு. அப்பா ஸ்கேலை வைத்துப் பார்த்தார். நீளம் ஒத்துப்போனது, ஜோடி ஆகிவிட்டது.

"ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்ததே இல்லப்பா. குத்திக் கிழிச்சுக்கும்."

"எல்லாம் பழகிடும். உன்னையும் உயரம் பார்த்துதான் குடுத்தேன்."

"அதான் தெரியுதே."

தனித்தனிப் பையில் கட்டி வெளியே கொண்டுபோனார்.

"பிரிச்சா பட்டினி கிடக்கும் சார், அவ்வளவு ஒட்டுதல்."

"அப்புறம் எதுக்கு ரெண்டு பை?"

"வண்டி குலுங்கும்ல, கூச்சப்படும்."

டாக்டர் சிரித்தார். "ஒத்துவரலைன்னா?"

"கொண்டாந்து குடுங்க. ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டேன். நம்ம கடைச் சரக்கு, நாமதானே பொறுப்பு."

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், டாக்டர் போனதும் வெளியே வந்தாள்.

"நானும் ஒத்துவரலைன்னுதாம்பா வந்திருக்கேன்."

அப்பா ஈரக்கையைத் துண்டில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"அது வியாபாரம்மா. திருப்பி எடுத்துக்கிட்டா கடையை நாலு பேர் நல்லா சொல்லுவாங்க. உன்னை எடுத்துக்கிட்டா?"

வாசலில் வண்டி வந்து நின்றது. "என்ன மாமா, கிளம்பிட்டாளா?"

"இதோ மாப்பிள்ளை." அப்பாவே உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கிவந்தார்.

அவள் வண்டியில் ஏறும்முன் அப்பாவிடம், மாப்பிள்ளை காதில் விழும்படியாகவே சொன்னாள்: "இந்தச் சரக்குக்கு மட்டும் ரிட்டர்ன் கிடையாதுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க. கொஞ்சம் பார்த்து அடிப்பார்."

மாப்பிள்ளை, வேடிக்கை பேசுகிறாள் என்று சிரித்தான். அப்பாவும் கூடவே சிரித்து, பெட்டியைப் பின்சீட்டில் வைத்து, கதவைச் சாத்தினார்.